எழுதியவர் ஒன்று நினைக்க…

1683 நவம்பரில் லண்டனில் ஒரு ராஜத்துரோக வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அரசியல்வாதி ஆல்ஜர்னன் சிட்னி. ராஜத்துரோகத்தை நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றது அன்றைய சட்டம். அரசுத் தரப்பிடம் இருந்ததோ ஒரே ஒருவர். இரண்டாவது சாட்சிக்கு எங்கே போவது? சிட்னி வீட்டில் கைப்பற்றிய கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து அதையே சாட்சியாக நிறுத்தினார்கள். அச்சேறாத தாள்கள். "எழுதுவதும் செய்வதுதான்" என்று பொருள்படும் லத்தீன் வாசகம் ஒன்றைச் சொல்லி, தலைமை நீதிபதி ஜெஃப்ரீஸ் அதை ஏற்றுக்கொண்டார். டிசம்பர் 7 அன்று சிட்னியின் தலை துண்டிக்கப்பட்டது.

அந்தத் தாள்களில் என்ன இருந்தது? ராபர்ட் ஃபில்மர் என்பவரின் நூலுக்கு மறுப்பு. ஃபில்மர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1680-இல் வெளிவந்த நூல் அது. அதன் வாதம் எளிமையானது: கடவுள் ஆதாமுக்குப் பிள்ளைகள் மீது அதிகாரம் கொடுத்தார், மன்னர்கள் அந்தத் தகப்பன் அதிகாரத்தின் வாரிசுகள், ஆகவே குடிமக்கள் பிள்ளைகளைப் போல வாய்மூடி நடக்க வேண்டும். இன்று படித்தால் சிரிப்பு வரும். அன்று ஒரு சிம்மாசனமே இதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆட்சி அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறது என்று எழுதியதற்கு சிட்னி கொடுத்த விலை அவர் தலை.

அதே ஃபில்மருக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்த இன்னொருவர் புத்திசாலித்தனமாக அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஹாலந்துக்குத் தப்பிவிட்டார். அவர்தான் தத்துவ அறிஞர் ஜான் லாக். 1689-இல் நாடு திரும்பி நூலை வெளியிட்டபோதும் அட்டையில் பெயர் போடவில்லை. 1704-இல் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய உயில் இணைப்பில்தான் அது தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்.

பாடப்புத்தகத்தில் இந்தக் கதை நேர்கோட்டில் போகும். ஹாப்ஸ் இப்படிச் சொன்னார், லாக் அப்படிச் சொன்னார், ரூசோ இன்னொன்று சொன்னார், பிறகு ஜனநாயகம் வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்தச் சிந்தனைகள் நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், தப்பாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். "உனக்கு இதில் இடமில்லை" என்று சொல்லப்பட்டும் உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரையும்விட முக்கியமாக இருக்கிறார்கள். எழுதியவர் ஒன்று நினைக்க, எடுத்துக்கொண்டவர் ஒன்று நினைத்தார்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸையே எடுத்துக்கொள்வோம். 1588-இல் ஸ்பானியக் கப்பற்படை இங்கிலாந்தை நோக்கி வந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தவர். தன் தாய் தன்னையும் பயத்தையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்றாள் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாழ்ந்தார்; 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டதையும் கேட்டார். 1651-இல் வந்த லெவியதான் நூலின் முகப்புப் படம் புகழ்பெற்றது: மலைக்குப் பின்னாலிருந்து எழும் முடிசூடிய ராட்சத உருவம். உற்றுப் பார்த்தால் அதன் கையும் மார்பும் முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு மனிதர்களால் ஆனவை. முதுகை நமக்குக் காட்டி எல்லோரும் மேலே அந்த முகத்தைப் பார்க்கிறார்கள்.

அந்தப் படத்தில்தான் வம்பு இருந்தது. ஹாப்ஸ் கேட்டது எல்லையற்ற அதிகாரம் கொண்ட ஆட்சியாளரை. ஆட்சி இல்லாவிட்டால் மனிதர் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாவார்கள் என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்த ஆட்சியாளர் கடவுளிடமிருந்து இறங்கி வரவில்லை; சாதாரண மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உண்டானவர். உயிரைக் காப்பாற்றத்தான் ஒப்பந்தம் என்பதால், நியாயமாகவே மரண தண்டனை பெற்றவன்கூடத் தன்னைக் கொல்ல வருபவரை எதிர்க்கலாம் என்றும் எழுதிவைத்தார். மன்னராட்சிக்கு முட்டுக் கொடுக்க வந்தவர் அதன் அஸ்திவாரத்தையே மாற்றிவிட்டார். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அரச பக்தர்கள்தான். "கலகக்காரர்களின் வேதபாடம்" என்றார் ஒரு பிஷப். 1683 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கண்டித்து எரித்த நூல்களில் ஹாப்ஸின் நூலும் ஒன்று.

லாக் இன்னும் ஓரடி முன்னே போனார். உயிர், சுதந்திரம், உடைமை ஆகிய மூன்றும் அரசு பிறப்பதற்கு முன்பே மனிதனுக்கு உரியவை. அவற்றைக் காக்கவே அரசு. அரசு என்பது நம்பி ஒப்படைத்த பொறுப்பு. அந்த நம்பிக்கையை உடைத்தால் பொறுப்பு மக்களிடமே திரும்பிவிடும். 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் துரத்தப்பட்டதற்கு லாக்கின் நூல்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். காலக்கணக்கு ஒத்துவரவில்லை. நூல் வெளிவந்தது புரட்சிக்குப் பிறகு. 1689-இன் உரிமைச் சாசனத்தை எழுதியவர்கள் வரிவிதிப்பு, படை, தேர்தல் என்று தங்கள் பழைய மனக்கசப்புகளைப் பட்டியல் போட்ட நாடாளுமன்ற அரசியல்வாதிகள். தத்துவம் பின்னால் நடந்து வந்தது.

லாக்கின் நூலுக்கு உண்மையான வாழ்வு கிடைத்தது கடல் தாண்டி. 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்சன், லாக்கின் மூன்றாவது சொல்லான 'உடைமை'யை எடுத்துவிட்டு 'மகிழ்ச்சியை நாடும் உரிமை' என்று போட்டார். அழகான மாற்றம். ஆனால் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் அவர். அடிமை வணிகத்துக்காக பிரிட்டிஷ் மன்னரைச் சாடும் ஒரு பத்தியும் அவர் வரைவில் இருந்தது. மாநாடு அதை வெட்டிவிட்டது. லாக்கும் சுத்தமில்லை. அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பங்கு வைத்திருந்தார். 1669-இல் கரோலினா குடியேற்றத்துக்கு எழுதப்பட்ட சாசனத்தில் அவர் கையும் இருந்தது. எஜமானனுக்கு அடிமை மீது முழு அதிகாரம் உண்டு என்றது அந்தச் சாசனம். அடிமைத்தனம் இழிவானது என்று தன் நூலின் முதல் வரியிலேயே எழுதியவர் இதை எப்படி மனதுக்குள் சரிசெய்துகொண்டார் என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

அடுத்து வருபவர்தான் எனக்குப் பிடித்தவர்: மாண்டெஸ்க்யூ. ஒரு பெரிய தவறு எப்படி ஒரு பெரிய கண்டுபிடிப்பாக மாறும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

போர்டோ நகரத்து உயர் நீதிமன்றத்தில் நீதிபதி. பதவி மாமாவிடமிருந்தோ சித்தப்பாவிடமிருந்தோ சொத்தாக வருவது அன்றைய பிரான்ஸில் சகஜம். இவருக்கும் அப்படித்தான் வந்தது. 1726-இல் அதை விற்றும்விட்டார். 1729 முதல் 1731 வரை இங்கிலாந்தில் தங்கினார். 1748-இல் வந்த 'சட்டங்களின் ஆன்மா' நூலில் இங்கிலாந்தைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். சட்டம் இயற்றுவது, அதை நடைமுறைப்படுத்துவது, தீர்ப்பு சொல்வது என்ற மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் போச்சு. இங்கிலாந்தில் மூன்றும் தனித்தனியாக இருப்பதால்தான் அங்கே சுதந்திரம் இருக்கிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பிரச்சினை என்னவென்றால், இங்கிலாந்தில் அவை அப்படித் தனித்தனியாக இல்லை. அவர் அங்கே இருந்த காலத்தில் பிரதமர் ராபர்ட் வால்போல் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்துகொண்டே அரசை நடத்திக்கொண்டிருந்தார். லார்டு சான்சலர் என்ற ஒரே பதவிக்காரர் மந்திரி, மேலவைத் தலைவர், நீதித்துறைத் தலைவர் மூன்றுமாக இருந்தார். நாட்டின் உச்ச நீதிமன்றமே பிரபுக்கள் அவைதான். பிரிட்டன் இந்த முடிச்சை 2005-இல் ஒரு சட்டம் போட்டு அவிழ்த்தது. தனியான உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில்தான் அங்கே செயல்படத் தொடங்கியது. மாண்டெஸ்க்யூ நூல் வந்து 261 ஆண்டுகள் கழித்து!

ஆனால் அந்த அத்தியாயத்தைப் படித்த அமெரிக்கர்கள், இல்லாத இங்கிலாந்தை எடுத்து, இருக்கும் அமெரிக்காவாகக் கட்டிவிட்டார்கள். அமெரிக்க மந்திரி நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்ற விதி இன்றுவரை நிற்கிறது. 1787 அரசமைப்புக்கு ஆதரவாக நியூயார்க் பத்திரிகைகளில் கட்டுரை எழுதிய மேடிசன், அந்த அரசமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், மாண்டெஸ்க்யூவைப் பெயர் சொல்லியே துணைக்கு அழைத்தார். கூடவே தன் சரக்கையும் சேர்த்தார். அதிகாரத்தைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, ஒன்றின் பேராசையை இன்னொன்றின் பேராசை தடுக்கும்படி கோத்துவைக்க வேண்டும் என்றார். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே தேவையில்லை என்ற வரியும் அவருடையதுதான். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தாலோ, அதிபர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினாலோ, நாம் பார்ப்பது அப்படிக் கோத்துவைத்ததன் இழுபறியைத்தான். நல்லவர் ஆட்சிக்கு வருவார் என்று யாரும் காத்திருக்கவில்லை. கெட்டவர் வருவார் என்றே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பூட்டு செய்தார்கள்.

மாண்டெஸ்க்யூவிடமிருந்து எடுத்தவர்களில் ரஷ்யப் பேரரசி கேத்தரினும் ஒருவர். 1767-இல் சட்டத் திருத்தத்துக்காக அவர் எழுதிய அறிவுறுத்தலில் பெரும்பகுதி மாண்டெஸ்க்யூவிடமிருந்து எடுத்தது. அவரிடம் திருடிவிட்டேன் என்று பேரரசியே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் பண்ணையடிமைகளின் கட்டு அவர் காலத்தில் இறுகியதே தவிர தளரவில்லை.

சுதந்திரம் என்றவுடன் நாடாளுமன்றமும் வாக்குச்சீட்டும் நினைவுக்கு வருகின்றன. உடம்பு நினைவுக்கு வருவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசு என்பது முதலில் உடம்பில் படும் ஒன்று. 1762 மார்ச் 10 அன்று துலூஸ் நகரில் ஜான் கலாஸ் என்ற துணி வியாபாரியைச் சக்கரத்தில் கட்டி எலும்பு எலும்பாக நொறுக்கிக் கொன்றார்கள். புராட்டஸ்டண்ட் மதத்தவர், கத்தோலிக்கராக மாறவிருந்த மகனைக் கொன்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மகன் தற்கொலை செய்துகொண்டதாகத்தான் பிறகு தெரிந்தது. சித்திரவதையின்போதும் கலாஸ் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இந்த வழக்கைக் கையில் எடுத்தார்; கடிதம் கடிதமாக எழுதி ஐரோப்பாவையே பேச வைத்தார். மூன்று ஆண்டு கழித்து, 1765 மார்ச் 9 அன்று, கலாஸ் நிரபராதி என்று தீர்ப்பு மாறியது. போன உயிர் போனதுதான்.

இடையில், 1764-இல், மிலான் நகரத்து இளைஞர் பெக்காரியா குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். வயது 26. இவரும் பெயர் போடவில்லை. சித்திரவதையைப் பற்றி அவர் வைத்த வாதம் இன்றும் கூராக இருக்கிறது: அது முரட்டு உடம்புள்ள அயோக்கியனை விடுவிக்கும், பலவீனமான நிரபராதியைத் தண்டிக்கும். தண்டனை கொடூரமாக இருப்பதைவிட, தப்பாமல் வந்து சேரும் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்றார். பிரெஞ்சில் மொழிபெயர்த்த மோரெல்லே தன் இஷ்டத்துக்கு அத்தியாயங்களை இடம் மாற்றிப் போட்டார். ஐரோப்பாவில் பலர் படித்தது அந்தக் கலைத்துப் போட்ட புத்தகத்தைத்தான். அப்படியும் அது வேலை செய்தது. 1786-இல் இத்தாலியின் டஸ்கனி அரசு மரண தண்டனையையே சட்டத்திலிருந்து நீக்கியது. காவலில் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை ஒரு நீதிமன்றம் தள்ளுபடி செய்யும்போது, பெக்காரியாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு ஊறிவிட்டது.

ரூசோவைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1762-இல் வந்த சமூக ஒப்பந்தம், மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், எங்கும் விலங்கிடப்பட்டிருக்கிறான் என்று தொடங்குகிறது. தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று ஆங்கிலேயர் நினைத்துக்கொள்கிறார்கள், தேர்தல் நாளில் மட்டும்தான் அது உண்மை என்று கிண்டல் செய்தார். உண்மையான சுதந்திரம் மக்கள் அனைவரின் பொதுவிருப்பத்துக்குக் கட்டுப்படுவது. கட்டுப்பட மறுப்பவனைச் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிட வேண்டும். 1793-94-இல் பிரெஞ்சுப் புரட்சியில் தலைகள் உருண்டபோது, ரூசோவை வணங்கிய புரட்சித் தலைவர் ரோபஸ்பியர்தான் முன்னணியில் இருந்தார். ரூசோ அதற்குப் பொறுப்பா? 1778-இலேயே இறந்துபோனவர் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. ஆனால் 'மக்களின் விருப்பம் எனக்குத்தான் தெரியும்' என்று சொல்லும் ஒருவனை எப்படி நிறுத்துவது என்பதற்கு அவர் நூலில் சரியான பதில் கிடையாது. அதற்கு மாண்டெஸ்க்யூவிடம்தான் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 1789 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தேசிய சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மொத்தம் 17 பிரிவுகள். சட்டம் என்பது பொதுவிருப்பத்தின் வெளிப்பாடு என்கிறது ஆறாவது. உரிமைகளுக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசமைப்பே கிடையாது என்கிறது பதினாறாவது. இரண்டும் ஒத்துப்போகுமா என்று அந்தச் சபையில் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. நவீன அரசுகள் இன்றுவரை அந்த இழுபறியில்தான் வாழ்கின்றன: பெரும்பான்மை விரும்பியதைச் செய்யலாமா, பெரும்பான்மையையும் தடுக்க ஏதாவது வேண்டுமா?

சரி, அந்தப் பிரகடனத்தின் 'மனிதன்' யார்? பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஆணைக் குறிக்கும் சொல்லே மனிதனையும் குறிக்கும். எழுதியவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஒலிம்ப் டி கூஜ் என்ற பெண் எழுத்தாளர் 1791-இல் அதே பிரகடனத்தை வரிக்கு வரி எடுத்து, பெண்ணுக்காகத் திருப்பி எழுதினார். தூக்குமேடை ஏற உரிமை உள்ள பெண்ணுக்குப் பேச்சுமேடை ஏறவும் உரிமை இருக்க வேண்டும் என்றார். முதல் உரிமையை மட்டும் அவருக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள்: 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டின்.

அதே 1791 ஆகஸ்டில், பிரான்ஸின் கரும்புக் காலனியான செயிண்ட் டொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மனிதர்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்ற வரியைத் தங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 1794-இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். 1804 ஜனவரி 1 அன்று அந்தக் காலனி ஹைட்டி என்ற சுதந்திர நாடானது. 1825-இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. யாருக்கு? உடைமை இழந்த பழைய எஜமானர்களுக்கு. அந்த உடைமைகளில் இழப்பீடு கட்ட வேண்டியவர்களும் அடக்கம். லாக்கின் மூன்றாவது சொல் இப்படியும் வேலை செய்யும்.

இங்கிலாந்தில் அந்த 'மனிதன்' என்ற சொல்லில் நேரடியாகவே கை வைத்தவர் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859-இல் வந்த சுதந்திரம் பற்றிய நூலில் அவர் போட்ட கோடு நமக்கெல்லாம் பழக்கமானது: அடுத்தவருக்குத் தீங்கு வராத வரை ஒருவர் வாழ்க்கையில் தலையிட அரசுக்கும் உரிமை இல்லை, ஊருக்கும் உரிமை இல்லை. 'ஊருக்கும்' என்பதுதான் புதிது. மன்னரைவிட நாலு பேர் பேச்சு ஒரு மனிதனை அதிகம் நசுக்கும் என்று கண்டவர் அவர். நாடாளுமன்ற உறுப்பினராகி, 1867 மே 20 அன்று வாக்குரிமை மசோதாவில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்: 'ஆண்' என்பதை 'நபர்' என்று ஆக்குங்கள். 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு. தோற்றது. பிரிட்டிஷ் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைக்க 1928 வரை ஆனது. அதற்கும் இருபது ஆண்டு கழித்து, ஐ.நா. உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று படிக்கக்கூடிய வாசகத்தை 'எல்லா மனிதப் பிறவிகளும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவிலிருந்து போன ஹன்சா மேத்தா.

மில்லுக்கும் ஒரு கோடு இருந்தது. சுதந்திரக் கோட்பாடு முதிர்ச்சியடைந்த சமூகங்களுக்குத்தான். காட்டுமிராண்டிகளை ஆள, அவர்கள் முன்னேற்றத்துக்காக என்றால், சர்வாதிகாரமே முறையான வழி என்று அதே நூலின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். இதைப் போகிறபோக்கில் எழுதவில்லை. 1823 முதல் 1858 வரை, 35 ஆண்டுகள், அவர் சம்பளம் வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியில். லண்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒருமுறைகூடப் பார்க்காத இந்தியாவுக்குக் கடித வரைவுகள் எழுதுவது வேலை. வாக்குரிமையிலும் நிபந்தனை வைத்தார்: எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரியாதவருக்கு வாக்கு கூடாது, படித்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு தரலாம்.

1949 நவம்பர் 25 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் தன் நிறைவுரையை ஆற்றினார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையை அவையோருக்கு நினைவூட்டினார். எச்சரித்தவர் மில் என்று பெயரும் சொன்னார். மறுநாள் சபை ஏற்றுக்கொண்ட அரசமைப்பின் 326-ஆவது பிரிவு, 21 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை தந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 1951 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் எழுத்தறிவு 18 சதவீதம்.